காட்டுச் சாதிபத்திரியும் நான் பார்க்காத நீலமும்

சென்ற மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. தென் லண்டனில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை செய்த உணவு ஆய்வுகூடத்தில் இப்போது வேலை செய்யும் நிரோஷா அனுப்பியிருந்தாள். திறந்த சிறிய மரப்பெட்டி ஒன்று. அதற்குள் தக்கை அடைத்த கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் நீளநீளமாகக் கிழிந்து, முறுக்கிக் காய்ந்த, கருஞ்சிவப்பான ஏதோ ஒரு சருகு. “ஆன்ரி, லாப் மூவ் பண்ணுறம். கபேட் எல்லாம் கிளியர் பண்ணச் சொல்லியிருக்கினம். இது என்ன? குப்பை பின்னிலை போடலாமா?” என்று கேட்டிருந்தாள்.

அங்கே இப்போது மரபணுவைப் படிக்கும் பொறி இருக்கிறது. ஒரு சிட்டிகைத் தூளைக் கொடுத்தால் அதில் எந்தெந்தச் செடி இருக்கிறது என்று சொல்லிவிடுமாம். அதைக் கேட்டு எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குப்பியை எறியாதே என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று சொல்லத் தொடங்கினேன். தொலைபேசியில் விரலால் தட்டி எழுதி முடிகிற கதையாக அது இல்லை. அதனால்தான் இது.

சாதிக்காய் எல்லோருக்கும் தெரியும். பழம் வெடித்தால் உள்ளே கொட்டை. கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலைபோல ஒரு தோல். அதைக் காயவைத்தால் சாதிபத்திரி. மன்னாரில் என் அம்மா அதை வசுவாசி என்பார். அந்தச் சாதிக்காய் மரத்துக்குக் காட்டிலே ஓர் உறவு மரம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வானம் பார்த்து வளரும் பெரிய மரம். அதுவும் பழுக்கும், வெடிக்கும், கொட்டையைச் சுற்றிச் சிவப்புத் தோல் கட்டும். ஆனால் அந்தத் தோலில் மணம் இல்லை. நிறம் மட்டும் அள்ளிக் கொட்டியிருக்கும். காய்ந்து பொடியாகிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. எனவே அசல் சாதிபத்திரித் தூளில் அதைக் கலப்பவர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். லண்டன் வியாபாரத்தில் அதற்குப் பெயர் பம்பாய்ச் சாதிபத்திரி. அந்த மரம் பம்பாயில் வளர்வதில்லை. பம்பாயில் கப்பலேறியதால் வந்த பெயர். நிரோஷா படம் பிடித்த குப்பியில் இருப்பது அதுதான். எங்களுடைய ஒப்பீட்டு மாதிரி.

நான் அங்கே கண்ணாடி கழுவத்தான் சேர்ந்தேன். மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருந்தவள். சண்டை தொடங்கி, கணவர் சவிரி முன்னால் வந்து, நான் பின்னால் வந்து, கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் குடியேறினோம். அவர் பஸ் ஓட்டினார். நான் சோதனைக்குழாய் கழுவினேன். மாலை வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் எடுத்தேன். நான்காம் வருடம் வாசனைப் பொருட்கள் மேசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் மிஸ் பிரைஸ்.

மிஸ் பிரைஸ் வேல்ஸ் நாட்டுக்காரி. கட்டையான உருவம், நரைத்துக் கத்தரித்த தலை. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. காலையில் மேசைக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்து மூடுவார். சுவரிலும் அந்த அறையில் மணிக்கூடு கிடையாது. “வடிதாள் காய எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்தான் நேரம்” என்பார். நான் கண்ணாடி கழுவச் சேர்ந்த நாளிலிருந்து பதினொரு வருடம் என்னை மிஸஸ் சவிரி என்றே அழைத்தார்.

முதல் நாள் எனக்கு ஒரு கொப்பி தந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு கிழித்திருந்தது. இடப்பக்கம் ‘கண்டது’. வலப்பக்கம் ‘நினைத்தது’. “இடது பக்கம் நிரம்பும்வரை வலது பக்கத்துக்குப் போகக் கூடாது. வலது பக்கம் வெறுமையாக இருந்தால் எனக்குக் கவலையில்லை” என்றார். நான் முதல் வாரம் இடப்பக்கத்தில் ‘நல்ல சாதிபத்திரி’ என்று எழுதினேன். அவர் அதைப் பென்சிலால் வெட்டினார். “நல்ல என்பதைக் கண்ணால் கண்டீர்களா? மஞ்சளாக இருந்தால் மஞ்சள் என்று எழுதுங்கள்.”

சோதனை பழையது. நிரோஷா போன்றவர்களுக்குச் சிரிப்பு வரும். தூளில் ஒரு பங்கை அற்ககோல் என்ற மதுசாரத்தில் போட்டுக் குலுக்கி வடிகட்ட வேண்டும். வடிந்த சாற்றில் வடிதாள் கீற்றுகளைத் தோய்த்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த கீற்றின்மேல் காரக் கரைசலில் ஒரு துளி. அசல் சாதிபத்திரி என்றால் கீற்று மங்கலான மஞ்சளாகவே நிற்கும். காட்டுச் சாதிபத்திரி கலந்திருந்தால் கீற்று இரத்தம்போலச் சிவக்கும். முதன்முறை அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்கு விரல் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று கையைத் திருப்பிப் பார்த்தேன்.

ஆனால் சிவப்போடு வேலை முடிவதில்லை. மஞ்சளும் காரத்தில் சிவக்கும். சுண்ணாம்பு தொட்ட மஞ்சளை எங்கள் எல்லோருக்கும் தெரியும்தானே. ஆகவே இரண்டாவது கீற்றை எடுத்து, போரிக் அமிலக் கரைசலில் ஒரு முறை இழுத்து, காயவிட்டு, அதன்மேல் காரத்தால் ஒரு கோடு போட வேண்டும். சிவப்புக்குக் காரணம் மஞ்சள் என்றால் அந்தக் கோடு நீலமாகும். காட்டுச் சாதிபத்திரி என்றால் சிவப்பாகவே கிடக்கும். பிறகு நுணுக்குக்காட்டியில் தூளைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். போரிக் கரைசல் நிறைகரைசலாக இருக்க வேண்டும். சூடாக்கிக் கரைத்து, தானாக ஆறி, அடியில் பளிங்கு படியும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்படுத்த முடியாது.

மிஸ் பிரைஸ் அந்த மரத்தைக் கலப்படச் சாமான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதன் பெயரைச் சொல்லுவார். அந்த மரத்தைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தார். கொட்டையிலிருந்து கெட்டியான கொழுப்பு எடுப்பார்கள், மலைக் கிராமங்களில் அதில் விளக்கு எரித்தார்கள், மூட்டுவலிக்கும் மாட்டுப் புண்ணுக்கும் பூசினார்கள், பலகை பாரமில்லாதது, அதில் பெட்டியும் தீக்குச்சியும் செய்தார்கள், பழத்தை இருவாட்சிப் பறவைகள் விழுங்கிக் காடெல்லாம் கொட்டையைப் போடும் என்றெல்லாம் அதில் இருந்தது. மதிய இடைவேளையில் சான்ட்விச் கடித்துக்கொண்டே அந்தக் கோப்பைப் பார்ப்பேன். பட்டையைக் கீறினால் மரம் சிவப்பாக வடியும் என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் அவருடைய பென்சிலில், ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தது. அவர் லண்டனையும் வேல்ஸையும் விட்டு எங்கும் போனதில்லை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதை இதுவரை எழுதியதில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. நான் அந்த மேசையில் ஏழெட்டு வருடம் பழகிவிட்ட காலம். கவுன்சில் அதிகாரி ஒருவர் கடைகளில் எடுத்த மாதிரிகள் வந்திருந்தன. அப்படி எடுக்கும் எந்த மாதிரியையும் மூன்று பங்காக்குவார்கள். ஒன்று வியாபாரிக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று பிரச்சினை வந்தால் பார்க்க என்று முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள். எங்களுக்கு வரும் பங்கில் கடைப் பெயர் இராது, இலக்கம் மட்டும்தான். சாதிபத்திரித் தூள் ஒன்று இருந்தது. கீற்றில் துளி விட்டேன். சிவந்தது.

போரிக் போத்தலைத் தூக்கினேன். வெறுமை. புதிதாகக் கரைத்து ஆறவைக்க மாலையாகிவிடும். ஞாயிறு என் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை. வீட்டில் வெள்ளைச் சட்டைக்குக் கை வைத்துத் தைக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும், மண்டபத்துக்குக் கதிரை சொல்ல வேண்டும். அதிகாரி இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். நுணுக்குக்காட்டியில் ஒருமுறை பார்த்தேன். நிறம் ஊறிய துணுக்குகள் தெரிந்தன. எனக்கு ஐயமே இருக்கவில்லை. எத்தனை கீற்று பார்த்த கை இது.

கொப்பியின் இடப்பக்கத்தில், ‘கண்டது’ என்ற தலைப்பின் கீழ், ‘இரண்டாம் கீற்று: நீலம் இல்லை’ என்று எழுதினேன்.

இரண்டாம் கீற்று என்று ஒன்றே இருக்கவில்லை.

மிஸ் பிரைஸ் என் கொப்பியை வாசித்தார். என் எழுத்தை நம்பினார். அறிக்கையில் கையெழுத்து வைத்தார். நான் நாலரை மணிக்கு றெயில் ஏறிவிட்டேன்.

முதல் நன்மை விருந்து நன்றாக நடந்தது. எங்கள் கோயில் பங்கில் எந்த விசேடத்துக்கும் எமில்தான் தூள் கொடுப்பார். அவரும் மன்னார்தான். ஸ்ட்ரெதமில் ஒரு கடையின் பின்புறத்தை வாடகைக்கு எடுத்து, ஒரே ஒரு அரைக்கும் மெசினை வைத்து, மிளகாய், மல்லி, மஞ்சள் என்று அரைத்துச் சின்னப் பைகளில் கட்டி விற்றார். மனைவி ஜெசிந்தா பை ஒட்டுவாள். அன்றைய புரியாணிக்கும் அவர்களுடைய தூள்தான். எல்லோரும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மூன்று கிழமை கழித்து, தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து இருந்தாள். எமில் வரவில்லை. அவளுடைய கண் வீங்கியிருந்தது.

“என்ன ஜெசிந்தா, சுகமில்லையோ?”

“அக்கா, உங்களுக்குத் தெரியாதே? கவுன்சில்காரர் வந்து சாமானை மறிச்சுப்போட்டாங்கள். கடைக்காரர் எல்லாரும் பையளைத் திருப்பி அனுப்பினம். சாதிபத்திரித் தூளுக்கை ஏதோ காட்டுச் சாமான் கலந்திருக்காம். வழக்குக்குக் கோட்டுக்குப் போகோணுமாம். சனம் கோயில்லையே கதைக்குது, எமில் கலப்படக்காரன் எண்டு. அவர் வெளியிலை வரமாட்டன் எண்டு கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்.”

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். “ஆர் அவருக்குச் சாதிபத்திரி குடுத்தது?”

“வழமையாக் குடுக்கிற ஆள்தான். நல்ல சாமான். எங்கடை கண்ணுக்கு முன்னாலைதான் அரைச்சது. அவர் ஒண்டும் கலக்கேல்லை அக்கா, சத்தியமா. அண்டைக்குக் காலமை மஞ்சள் அரைச்சவர். பின்னேரம் அதே மெசினிலை சாதிபத்திரி. அவ்வளவுதான்.”

மஞ்சள் என்ற சொல்லோடு எனக்கு மண்டபத்தின் சத்தம் கேட்காமல் போனது. அவள் இன்னும் ஏதோ சொன்னாள். நான் தலையாட்டியிருப்பேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. சவிரி, “என்னப்பா முகம் இப்பிடிக் கிடக்கு?” என்று கேட்டார். தலையிடி என்றேன்.

திங்கட்கிழமை மிஸ் பிரைஸ் வருவதற்கு முன்பே மேசையில் இருந்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

“அந்தச் சாதிபத்திரி யாருடையது என்று எனக்கு நேற்றுத் தெரிந்தது. என் கோயில்காரர். அதற்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம்.”

“என்ன சொல்கிறீர்கள்?”

“இரண்டாம் கீற்றை நான் போடவில்லை.”

அவர் கடிகாரத்தை லாச்சிக்குள் வைத்தார். மூடவில்லை. “கொப்பியில் இருக்கிறதே.”

“இருக்கிறது. நான் பார்க்காததை எழுதினேன்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நேரே போய்ப் போரிக் அமிலத்தைத் தராசில் நிறுத்தார். சூடாக்கிக் கரைத்தார். ஆற வைத்தார். குடிநீர் சோதிக்கும் பகுதியிலிருந்து ஒரு வேதியியலாளரைச் சாட்சிக்கு அழைத்தார். என்னை மேசைக்கு அப்பால் ஒரு கதிரையில் இருத்தி, புதுக் கொப்பி ஒன்றைத் தந்தார். “நீங்கள் எதையும் தொடக் கூடாது. நான் சொல்வதை மட்டும் எழுதுங்கள். இடப்பக்கத்தில்.”

எங்கள் பங்கில் மிஞ்சியிருந்த தூளை எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தார். முதல் கீற்றில் துளி. “சிவப்பு” என்றார். எழுதினேன். இரண்டாம் கீற்று போரிக்கில் தோய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே பாலத்தில் றெயில்கள் போயின. காய்ந்த கீற்றின் குறுக்கே கண்ணாடிக் கோலால் காரத்தை இழுத்தார்.

கோடு முதலில் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு ஓரத்திலிருந்து நீலம் பரவியது. மயில் கழுத்து நீலம். அப்படி ஒரு வடிவான நிறத்தை அந்த மேசையில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“நீலம்” என்றார் மிஸ் பிரைஸ். நான் கீற்றையே பார்த்தேன். “எழுதுங்கள். நீலம்.”

எழுதினேன்.

பிறகு நுணுக்குக்காட்டியில் அந்தி படும்வரை பார்த்தார். காட்டு மரத்தின் துணுக்கு ஒன்றுகூட இல்லை. நான் நிறம் ஊறியது என்று கண்டதெல்லாம் மஞ்சள் கிழங்கின் மாவுக் கட்டிகள். மெசினைச் சரியாகத் துடைக்காமல் அரைத்தது எமிலின் கவனயீனம். அதற்கு மேல் அவர் செய்த பிழை எதுவுமில்லை.

மிஸ் பிரைஸ் அன்றே அறிக்கையைத் திரும்பப் பெற்றார். கடிதத்தில் ‘எங்கள் ஆய்வுகூடத்தின் பிழை’ என்று எழுதி, தன் பெயரை மட்டும் போட்டார். மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

“மூன்று மாதம் கண்ணாடி கழுவுங்கள்,” என்றார். “கழுவாத போத்தலைக் கழுவியதாக எழுத முடியாது. அழுக்குத் தெரியும்.” கதவடியில் நான் திரும்பியபோது, “றெஜினா” என்றார். முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார். “என்னிடம் வந்து சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது.” அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, பயந்து சொன்னார் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று மாதமும் கழுவினேன். பதவிக்கு வந்தவள் திரும்பக் கழுவுவதைப் பார்த்து ஆட்கள் கதைத்தார்கள். வெந்நீரில் கை தோல் உரிந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போது ஏனோ மனம் இளகுகிறது. எதையும் தீர்மானிக்கத் தேவையில்லாத வேலை. சுத்தமான குழாய்கள் தட்டில் வரிசையாகத் தலைகீழாக நின்று வடியும்.

எமிலின் விஷயம் முற்றாக முடிந்துவிட்டது என்று கவுன்சிலிலிருந்து எழுத்தில் வந்த பிறகு, அவர்களிடம் போகலாமா என்று மிஸ் பிரைஸிடம் கேட்டேன். “ஆய்வுகூடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. மிச்சம் உங்களுடையது” என்றார்.

ஒரு சனிக்கிழமை ஸ்ட்ரெதமுக்குப் பஸ் எடுத்தேன். எமில் மெசினைத் திறந்து வைத்துப் பல் இடுக்குகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா கதிரை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். சோதனை செய்தது நான், ஒரு படியை விட்டுவிட்டுச் செய்ததாக எழுதியது நான், மகளின் முதல் நன்மைக்கு அவசரப்பட்டது நான்.

எமில் தூரிகையை நிறுத்தவில்லை. “ஓம்” என்று தலையாட்டினார். கொஞ்சம் கழித்து இன்னொரு தரம், “ஓம்” என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்காமல் விட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஜெசிந்தா பஸ் தரிப்பு வரை வந்தாள். “ஏனக்கா வந்து சொன்னனீங்கள்? நாங்கள் அறியாமலே இருந்திருப்பம்.”

“ஒவ்வொரு ஞாயிறும் உமக்குப் பக்கத்திலை முழந்தாளிடுறனான். ஏலாமல் போச்சு.”

“அது உங்கடை நிம்மதிக்கு,” என்றாள். “எங்களுக்கு இப்ப ஆரைக் கோவிக்கிறது எண்டு தெரிஞ்சு போச்சு. அது இன்னும் கஷ்டம்.” பஸ் வருமுன்னே திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் கோயிலில் முன் வரிசை வாங்குக்கு மாறிவிட்டார்கள். வருடம் ஒன்று அப்படிப் போனது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் ஜெசிந்தா பக்கத்திலிருப்பவர்களுக்குக் கை கொடுப்பாள். பின்னால் திரும்ப மாட்டாள்.

பிறகு ஒரு நாள் பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் எமில். கையில் கடதாசிப் பை. “உள்ளுக்கு வரலாமோ?” என்றார். குசினி மேசையில் பையைக் கவிழ்த்தார். முழுச் சாதிபத்திரி, சிவந்த குவியல். “வெம்பிளியிலை ஒரு புது ஆள் தாறார். பாக்க வடிவாயிருக்கு. எனக்கு மனம் சொல்லுது இல்லை எண்டு. உங்களாலை பாக்க ஏலுமோ?”

“ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக ஏலாது அண்ணை. இஞ்சை வைச்சுப் பாப்பம்.”

கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதழ்கள் நீளமாக, ஒடுங்கி, நுனியில் குடுமிபோல முறுக்கியிருந்தன. மணமில்லை. ஆனால் தெரிந்துவிட்டது என்பது வலப்பக்கத்துச் சங்கதி. சவிரியின் பிரண்டிப் போத்தலைத் திறந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றினேன். இதழ்களை நொறுக்கி ஊறவைத்தேன். கோப்பி வடிகட்டும் தாளைக் கீற்றாக வெட்டித் தோய்த்து, ரேடியேட்டரில் காயவைத்தேன். மூவரும் காத்திருந்தோம். சவிரி, “என்ரை பிரண்டி” என்று முணுமுணுத்தார். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை நீரில் கரைத்து, தெளிந்த நீரை ஒரு துளி விட்டேன்.

சிவப்பு. எமிலின் முகத்துக்கு நேரே, இரத்தச் சிவப்பு. அரைக்காத முழு இதழ். மஞ்சள் கிட்ட வர வழியே இல்லை.

எமில் கீற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதுதானோ அந்தச் சாமான்?”

“இதுதான்.”

“அண்டைக்கு நீங்கள் அப்பிடி எழுதாட்டி, இதை நான் பாக்காமலே அரைச்சிருப்பன்,” என்றார். அதை மன்னிப்பு என்று சொல்ல முடியாது. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரிக்குச் சொன்ன கணக்கு. பிறகு கேட்டார், “இது நஞ்சோ?”

“இல்லை அண்ணை. அது ஒரு நல்ல மரம். இந்தப் பேரிலை விக்கிறதுதான் பிழை.” மிஸ் பிரைஸின் கோப்பில் படித்ததையெல்லாம் சொன்னேன். விளக்கு எரிக்கும் கொழுப்பு, மாட்டுப் புண், தீக்குச்சி, இருவாட்சி. அவர் இரண்டு கோப்பை தேநீர் குடித்தார். போகும்போது, “அந்த மரத்தை நீங்கள் கண்டிருக்கிறீங்களோ?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். “ஒருக்காப் போய்ப் பாக்கோணும்,” என்றார்.

அடுத்த ஞாயிறு ஜெசிந்தா என் பின் வரிசை வாங்குக்கு வந்து இருந்தாள். பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்துப் பிடித்தாள்.

வருடங்கள் ஓடின. மிஸ் பிரைஸ் ஓய்வுபெற்று வேல்ஸுக்குப் போனார். அந்த மரத்தைப் பற்றிய கோப்பை எனக்கு விட்டுப் போனார். நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். ஒரு வருடம் அது வரவில்லை. அந்த மேசையில் பிறகு நான் இருந்து, நானும் லாச்சிக்குள் கடிகாரத்தை வைத்தேன். எமில் மெசினை இரண்டாக்கினார். மஞ்சளுக்கென்று ஒன்று தனியாக. பின்பு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சவிரியும் போனார். நான் ஓய்வுபெற்ற அடுத்த வருடம் எங்கள் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு யாத்திரை போனார்கள். ஜெசிந்தாவும் நானும் சேர்ந்துகொண்டோம். யாத்திரை முடிந்ததும் அவள்தான் சொன்னாள், “அக்கா, இவ்வளவு தூரம் வந்திட்டம். அந்த மரத்தைப் பாத்திட்டுப் போவம். அவர் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்.”

செங்கோட்டையைத் தாண்டி, மலை ஏறி இறங்கி, கேரளப் பக்கத்துக் காட்டுக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தோம். அனுமதிக் கடிதத்துக்கு ஒரு நாள் காத்திருந்தோம். வனக்காவலர் ஒருவர் கூட வந்தார். செங்கோட்டைக்காரர், அதனால் தமிழ் பேசினார். காலில் அட்டை ஏறாமல் உப்புத் தடவிக்கொண்டு ஓடைக்கரைச் சதுப்பில் நடந்தோம். எனக்கு முழங்கால் ஏலாது. ஜெசிந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுதாம்மா,” என்றார் காவலர். அண்ணாந்து பார்த்தேன். கருமையான பட்டை. கிளைகள் அடுக்கடுக்காக, கிடையாக. அடியில் சேற்றுக்குமேல் கால் ஊன்றி நிற்கும் வேர்கள். ஓரிடத்தில் ஏதோ விலங்கு உரசிப் பட்டை கிழிந்திருந்தது. அதிலிருந்து சிவப்பாக வடிந்து உறைந்திருந்தது. அந்தக் கோப்பில் பென்சிலால் எழுதிய ‘பார்க்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல் நினைவுக்கு வந்து என் கண் நிறைந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் இந்த மரத்தின் தூளைத் தேடியிருக்கிறேன். அது மரமாக நிற்கும் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

கீழே ஒரு பழம் வெடித்துக் கிடந்தது. ஜெசிந்தா குனிந்து எடுத்தாள். செம்மஞ்சள் இதழ்கள் கொட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. காய்ந்த சருகாக மட்டுமே நான் கண்டது, ஈரமாக, பளபளவென்று.

“இதைக் கொண்டுபோய் அவரின்ரை கல்லறையிலை வைக்கலாமோ?” என்று அவள் காவலரைக் கேட்டாள்.

“எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. போனாலும் பிரயோசனம் இல்ல. இந்த விதைக்கு ஈரம் போச்சுன்னா செத்துரும். சில நாள்கூடத் தாங்காது. இங்கயே போட்டாத்தான் முளைக்கும்.”

அவள் கொஞ்ச நேரம் கொட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேர்களுக்கு எட்டத்தில், வெளிச்சம் விழுந்த ஓர் இடத்தில் குந்தினாள். விரலால் சேற்றைத் தோண்டினாள். கொட்டையை இறக்கி மணிக்கட்டு வரை கையை உள்ளே அழுத்தினாள்.

“நீங்களும் ஒருக்காக் கையை வையுங்கோ அக்கா,” என்றாள், என்னைப் பார்க்காமலே.

காவலர் என் தோளைப் பிடித்துக் குந்த வைத்தார். அவளுடைய கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். சேறு குளிராக இருந்தது. இருவருமாகச் சேர்த்து மூடினோம்.